கடைவாய்ப்பல்லில் நின்ற தண்ணீர்

ராஜபாளையத்துப் பல் மருத்துவமனைகளில் கிருபாபாய்க்கு ‘பல்லு டீச்சர்’ என்று பெயர். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். பையில் மூடி போட்ட சின்ன டப்பாக்கள் இருக்கும். அந்த வாரம் பிடுங்கிய பற்களைக் குப்பையில் போடாமல் அவளுக்காக எடுத்து வைத்திருப்பார்கள். பல்லுக்குச் சொந்தக்காரர் கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவரிடம் அனுமதி கேட்பாள், வயது கேட்பாள், “எந்த ஊரு?” என்று கேட்பாள். டப்பாமேல் எழுதி ஒட்டிவிட்டு அடுத்த மருத்துவமனைக்குப் போய்விடுவாள்.

“அக்கா, ஒங்களுக்கு மாப்பிள்ளை பாத்தா பல் செட்டு கட்டுன ஆளாத்தான் பாக்கணும். நல்ல பல்லு இருந்தா நீங்க விட்டுவைக்க மாட்டீங்க” என்பாள் டாக்டர் ஜெயசித்ரா.

“பல் செட்டுக்காரன் எனக்கு எதுக்குடி? அவன்கிட்ட எடுக்க ஒண்ணுமே இருக்காதே” என்பாள் கிருபா. ஐம்பது வயதில் இந்தப் பேச்சுக்கெல்லாம் அவளுக்குக் கோபம் வருவதில்லை.

அவள் படித்தது பல்லைப் பற்றி அல்ல, கல்லைப் பற்றி. நிலவியல் படித்து, ஹைதராபாத்தில் ஐசோடோப்பு வேதியியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள். பாறைக்குள் இருக்கும் அணுக்களை எடை பிரித்து எண்ணி, அது எப்போது உருகி எப்போது உறைந்தது என்று சொல்லத் தெரிந்தவள். மேற்கொண்டு ஜெர்மனிக்குப் போக இடம் கிடைத்திருந்த சமயத்தில் அப்பா ஐயாதுரைக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அம்மா ஏற்கெனவே இறந்துபோயிருந்தாள். தம்பி பட்டாளத்தில் இருந்தான். படுத்துக் கிடப்பவரைப் புரட்டிப் போட வேண்டும், முதுகில் புண் வராமல் துடைக்க வேண்டும், புரையேறாமல் ஊட்ட வேண்டும். கூடவே ஒரு ஆள் இருந்து செய்தால்தான் உண்டு. கிருபா ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குத் திரும்பினாள். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை வைத்துவிட்டு, கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்தக் கல்லூரியில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கிடையாது. அணுக்களை எடை பிரிக்கும் அந்த இயந்திரத்துக்கு ஒரு பெரிய அறையும் அதைப் பராமரிக்கத் தனி ஆட்களும் வேண்டும். அவளுக்குக் கிடைத்தது தூசி புகாமல் அடைத்த ஒரு சின்ன அறை. அங்கே மாதிரிகளை அமிலத்தில் கரைத்து, சுத்தம் செய்து, விடுமுறையில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை இரவிலும் தங்கச் சொல்லிவிட்டு, ரயிலேறி ஹைதராபாத்துக்குக் கொண்டுபோய் அளந்து வருவாள். இந்த வசதிக்குள் செய்யக்கூடியது எது என்று யோசித்துத்தான் பல்லுக்கு வந்தாள்.

விஷயம் இதுதான். ஸ்ட்ரான்சியம் என்று ஒரு தனிமம் உண்டு. சுண்ணாம்புச்சத்து போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே போகும். அதன் அணுக்களில் கொஞ்சம் கனமானவையும் கொஞ்சம் லேசானவையும் உண்டு. இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது பாறைக்குப் பாறை மாறும். பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து சோற்றுக்கும் பாலுக்கும் அந்த விகிதம் மாறாமல் வரும். குழந்தைக்கு ஈறுக்குள் பல் உருவாகும்போது எனாமலில் போய்த் தங்கிவிடும். எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எனாமல் அப்படி அல்ல, ஒருமுறை உருவானதோடு சரி. ஐம்பது வயதுக்காரரின் முதல் கடைவாய்ப்பல்லில், அவர் மூன்று வயதுக்குள் குடித்த தண்ணீரின் அடையாளம் அப்படியே நிற்கும். ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல் தண்ணீரில் அந்த எண் தாழ்வாக இருக்கும். மலையடிவாரத்துக் கருங்கல் தண்ணீரில் உயர்வாக இருக்கும். இந்த வட்டாரத்துப் பற்களை அளந்து ஒரு வரைபடம் போட்டுவிட்டால், யாருடைய பல்லையும் அதில் வைத்து அவர் குழந்தைப் பருவம் எங்கே கழிந்தது என்று சொல்லலாம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வரைபடம் மட்டும் வரவில்லை. செட்டியார்பட்டி மலையடிவாரத்து ஊர். அந்த ஊர்க்காரர்கள் என்று எழுதிய டப்பாக்களில் சில பற்கள்தான் மலையடிவாரத்தைக் காட்டின, சில ஆலங்குளத்தைக் காட்டின, சில எதிலும் சேரவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருக்குமோ என்று வெற்றிலை போடுகிறவர்களின் பற்களை ஒதுக்கினாள். எண்கள் அடங்கவில்லை. அமிலத்தை மாற்றினாள், துளையிடும் ஊசியை மாற்றினாள். ஆய்விதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. “உன் அறை சுத்தமில்லை” என்று ஹைதராபாத் பேராசிரியர் முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் சப்-இன்ஸ்பெக்டர் ஜெயபாண்டி கல்லூரிக்கு வந்தார். முந்தைய ஆண்டு அவர் பல்லும் ஜெயசித்ரா கையால் பிடுங்கப்பட்டு அவளிடம் வந்திருந்தது.

“என் பல்லு இன்னும் ஒங்க கஸ்டடியிலதான் இருக்கா மேடம்?”

“ஜாமீன் கிடையாது சார். உக்காருங்க.”

உட்கார்ந்த பிறகு அவர் சிரிக்கவில்லை. கோடையில் மலையடிவாரத்தில் பிடித்த காட்டுத்தீ அணைந்த பிறகு ஒரு மனிதனின் எலும்புகள் கிடைத்திருந்தன. வாலிப வயது, ஆண். எப்படி இறந்தான் என்று தெரியவில்லை. எலும்பு தீயில் வெந்துபோயிருந்ததால் மரபணுச் சோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை. தாடையில் பற்கள் மட்டும் இருந்தன. காணாமல் போனவர்களில் உயரமும் வயதும் ஒத்துவருபவன் ஒருவன்தான். செட்டியார்பட்டி பாண்டிதுரை, லோடு வேன் ஓட்டியவன். பட்டாளத்து ஆள் எடுப்புக்குத் திரும்பத் திரும்பப் போய், வயது வரம்பும் தாண்டிய பிறகு, ஒரு நாள் சொல்லாமல் கிளம்பிவிட்டான்.

அவன் பெற்றோரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணுச்சாமி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மாடத்தி வாசலோடு நின்றாள்.

“கருமாதியச் செஞ்சு முடிச்சிட்டா அவனும் அலைய மாட்டான், நாங்களும் அலைய மாட்டோம். இவ விடமாட்டேங்காம்மா” என்றார் கண்ணுச்சாமி.

“உசுரோட இருக்கவனுக்கு எவனாவது கருமாதி செய்வானா? வடக்க எங்கயோ வேலை பாக்கான். கோவம் தீந்தா வருவான்” என்றாள் மாடத்தி.

கிருபா மாடத்தியிடம் நேராகக் கேட்டாள். “எங்கக்கா பொறந்து வளந்தான்?”

“செட்டியார்பட்டிதான். நாங்க வேற எங்கயும் போனதில்லை.”

கோர்ட் அனுமதியோடு முதல் கடைவாய்ப்பல் வந்து சேர்ந்தது. என் வரைபடமே சரியில்லை, இதில் சாட்சி சொல்ல மாட்டேன் என்று கிருபா மறுத்திருக்கலாம். ஆனால் அந்தத் தாய்க்கு வேறு வழி இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அளந்து மட்டும் பார்க்கிறேன், எதையும் எழுதித் தர மாட்டேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அதே வாரம் முருங்கைக்காய் மென்றபோது அவளுடைய முதல் கடைவாய்ப்பல் இரண்டாக உடைந்தது. ஜெயசித்ரா பிடுங்கிக் கையில் கொடுத்தாள்.

“இந்தாங்கக்கா. இன்னிக்கு ஒங்க யாவாரத்துக்கு வீட்டுச் சரக்கே கெடச்சிருச்சு.”

கிருபா அதையும் டப்பாவில் போட்டாள். ஊர், செட்டியார்பட்டி. அப்பாவுடைய ஊர் அது. தன் பல் மலையடிவார எண்ணைக் காட்டினால் அறை சுத்தம் என்று அர்த்தம், காட்டாவிட்டால் பேராசிரியர் சொன்னது உண்மை. யாரையும் நம்ப வேண்டியதில்லாத ஒரு சோதனை கிடைத்தது என்று நினைத்தாள்.

ஹைதராபாத்தில் இரண்டு பற்களும் ஒரே நாளில் இயந்திரத்தில் ஏறின. காட்டில் கிடைத்தவனின் பல் ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல்லைக் காட்டியது. கிருபாவின் பல்லும் அதையே காட்டியது.

மறுபடியும் புதிதாகத் துளையிட்டு அளந்தாள். அதேதான் வந்தது. ரயிலில் திரும்பும் வழியெல்லாம் பல் டப்பாக்களையெல்லாம் மூடிவைத்துவிடலாமா என்று யோசித்தாள். ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பாடம் மட்டும் நடத்தினால் என்ன குறைந்துவிடும்? ஜெயபாண்டி போன் செய்தபோது, “பல்லு ஆலங்குளத்துப் பக்கம் காட்டுது. ஆனா என் அளவு மேலேயே எனக்குச் சந்தேகம் இருக்கு. எதுவும் எழுதாதீங்க” என்றாள்.

மறுநாள் காலை அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்து, இடப்பக்கக் கடைவாயில் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் ஊட்டினால் கன்னத்தில் தேங்கிவிடும். ஒவ்வொரு வாய்க்கும் அவர் விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்பா, நான் பொறந்த பொறவு அம்மா எங்க இருந்தாங்க?”

ஐயாதுரைக்கு வார்த்தை மெதுவாகத்தான் வரும். வந்தால் தெளிவாக இருக்கும். “எங்க இருப்பா. அவ அம்மா வீட்டுலதான்.”

“செட்டியார்பட்டியில இல்லையா?”

“ஏட்டி, நான் பட்டாளத்துல, காஷ்மீர்ல கெடக்கேன். அவ செட்டியார்பட்டியில என்ன செய்யப் போறா? ஆலங்குளத்துல, ஒங்க தாத்தா குவாரி குவார்ட்டர்ஸ்ல. லீவுல வாரேன், நீ ஓடி வந்து என் மீசையப் பாத்துக் கத்துன கத்து இருக்கே…”

சிரித்ததில் கஞ்சி வழிந்தது. அவள் துடைத்தாள்.

“பொறவு செட்டியார்பட்டிக்கு எப்ப வந்தோம்?”

“எங்க வந்தோம்? நேரா இங்கதான், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. அங்க திருவிழாவுக்குப் போவோம், வருவோம்.”

“அப்புறம் எதுக்கு எங்க ஊரு செட்டியார்பட்டின்னு சொல்லுதோம்?”

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்கிற பார்வை. “பொறவென்ன? எங்கய்யா ஊருல்லா.”

கிருபா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஆலங்குளத்துக் கதையெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டதுதான். ஆனால் அதை வாழ்ந்த ஊராக எண்ணிப் பார்த்ததே இல்லை. டப்பாவில் எழுதும்போது கை தானாகச் செட்டியார்பட்டி என்றுதான் எழுதியது. அவளிடம் ஊர் சொன்ன எல்லோரும் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள். தகப்பன் ஊரைச் சொல்வார்கள், குலசாமி இருக்கும் ஊரைச் சொல்வார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண், பிள்ளை பால் மறக்கும்வரை அங்கேயே இருந்தாலும் அதை யாரும் வேறு ஊரில் வாழ்ந்ததாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அறை சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. பற்களும் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. அவள் கேட்ட கேள்விதான் பல்லுக்குச் சம்பந்தமில்லாதது.

இத்தனை வருட உழைப்பு வீணாகவில்லை என்கிற சந்தோஷம் எழுவதற்குள் மாடத்தியின் நினைவு வந்துவிட்டது. உடனே ஜெயபாண்டிக்குப் போன் செய்தாள்.

“அந்த வீட்டுல எதுவும் சொல்லிட்டீங்களா சார்?”

“எழுத வேண்டாம்னுதான மேடம் சொன்னீங்க, எழுதல. நேத்து வாய்வார்த்தையாச் சொன்னேன். பல்லு ஆலங்குளத்து ஆளு மாதிரி காட்டுது, ஒங்க மகன் இல்லன்னு. அந்தாளு சந்தோசத்துல அழுதுட்டாரு.”

செட்டியார்பட்டிக்குப் போனபோது கண்ணுச்சாமி தெருவிலேயே வந்து கும்பிட்டார். “எம்மவன் இருக்கான்னு சொல்லிட்டீங்களே தாயி” என்றார். அப்படி நான் சொல்லவில்லை என்று தெருவில் நின்று விளக்க முடியாது. கிருபா உள்ளே போனாள். மாடத்தி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் புருஷன் முகத்தில் இருந்தது எதுவும் இல்லை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, சரியாகச் சாப்பிடாத உடம்பாகத் தெரிந்தாள்.

“டீச்சரம்மாவுக்குப் பால் வாங்கிட்டு வாரும்” என்று மாடத்தி புருஷனை அனுப்பினாள். அவர் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கிருபா எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பேசினாள்.

“போலீஸ்காரரு ஆலங்குளம்னு சொன்னாரு பாருங்க. அப்பவே எனக்கு விளங்கிப்போச்சு.”

கிருபா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பேறுகாலத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போனவ, மூணு வருசமாத் திரும்பி வரல. மாமியாளுக்கும் எனக்கும் ஒத்துக்கல. அவிய கேரளாவுல கெணறு வெட்டப் போயிருந்தாவ. ஊரே என்னைய வாழாவெட்டின்னு பேசுச்சு. எங்கம்மா வீடு ஆலங்குளம் குவாரிக்கு மேக்க. அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் காச்சி, ஆத்தி, இவனுக்குக் குடுத்தேன். நடை பழகுனதெல்லாம் அங்கதான்.”

“கல்லூரியில நான் கேட்டப்பவே ஏன்க்கா சொல்லல?”

“அன்னிக்குத் தோணவே இல்லம்மா. அம்மா வீட்டுல கெடந்ததெல்லாம் ஒரு ஊராச் சொல்லுவாங்களா? நேத்து தோணுச்சு. ஆனா வாயத் தெறந்தா எம்மவனை நானே கொன்ன மாதிரி ஆயிரும். அவியளுக்கு அது நெனப்பே வரல, சிரிச்சுக்கிட்டு நிக்காவ. பேசாம இருந்துட்டேன்.”

கிருபா ஆறுதல் வார்த்தை எதுவும் தேடவில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னாள். “இந்த ஒரு பல்லு போதாதுக்கா. ஆலங்குளத்துத் தண்ணி குடிச்சு வளந்தவங்க எம்புட்டோ பேரு. கடைசிக் கடைவாய்ப்பல்லுன்னு ஒண்ணு இருக்கு. அது பள்ளிக்கூடம் போற வயசுல உருவாகுறது. அது செட்டியார்பட்டியக் காட்டலைன்னா, அது ஒங்க மகன் இல்ல.”

“காட்டுச்சுன்னா?”

“அப்பவும் நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் நம்புவேன்.”

மாடத்தி குழையை இறுக்கிக் கட்டினாள். “பாருங்க. பாத்துட்டு நேர்ல வந்து சொல்லுங்க. போன்ல வேண்டாம்.”

கிளம்பும் முன் மாடத்தி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள் கிருபா. இனி யார் சொல்லும் ஊரையும் நம்பி ஒப்பிட அவளுக்கு மனமில்லை. பாண்டிதுரை பத்து வயதில் குடித்தது இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் என்று, தனித்தனியாகக் கேட்டபோதும், தாயும் தகப்பனும் ஒரே மாதிரி சொன்னார்கள். அவனோடு படித்து, அதே தெருவில் இன்னும் இருக்கும் ஒருவன், பிடுங்கி வைத்திருந்த தன் கடைசிப் பல்லையே கொண்டுவந்து கொடுத்தான்.

தாடையின் கடைசிப் பல் இரண்டாம் அனுமதியோடு வந்தது. இந்தமுறை பேராசிரியரே பக்கத்தில் நின்று பார்த்தார். காட்டில் கிடைத்தவனின் கடைசிப் பல்லும் நண்பனின் பல்லும் கிணற்றுத் தண்ணீரும் ஒரே இடத்தில் வந்து நின்றன. ஆலங்குளத்தில் நடை பழகி, செட்டியார்பட்டியில் பள்ளிக்கூடம் போனவன். உயரமும் வயதும் பாண்டிதுரையுடையவை. “உன் அறை சுத்தம்தான் போலிருக்கிறது” என்றார் பேராசிரியர். கிருபா தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பேச்சுக்காக ஏங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அவள் மனசெல்லாம் செட்டியார்பட்டிக்கு எப்போது போவது என்பதிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் போனாள். கண்ணுச்சாமியும் மாடத்தியும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். மாடத்தி இடையில் புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கிருபா சுற்றி வளைக்கவில்லை.

“அவன்தான்னு நான் நம்புதேன்” என்றாள்.

கண்ணுச்சாமி துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். மாடத்தி அழவில்லை. எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு புருஷனிடம் கொடுத்தாள், அவர் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டாள். பிறகு திரும்பினாள்.

“தூள் எடுத்தது போக அந்தப் பல்லு மிச்சம் இருக்கா?”

“இருக்குக்கா. முக்காவாசி இருக்கு. போலீஸ் வழியாத்தான் தர முடியும்.”

“வாங்கிக் குடுங்க. அதையும் சேத்துத்தான் எரிக்கணும்.” செம்பைக் கீழே வைத்தாள். “அந்த மூணு வருசத்த இத்தனை காலமா நான் யாருகிட்டயும் வாய் விட்டுச் சொன்னதில்லம்மா. அவன் வாய்க்குள்ளயே வச்சிருந்திருக்கான்.”

வழக்கை முடித்து ஜெயபாண்டி எலும்புகளை ஒப்படைத்தார். பல் துண்டுகளைத் தனித் தாளில் மடித்துக் கொடுத்தார். கருமாதிக்குக் கிருபா போனாள், சாப்பிட்டுவிட்டு வந்தாள். அன்று கண்ணுச்சாமிக்குக் கால் வீங்கியிருப்பதைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி மாடத்தியைக் கண்டித்துவிட்டு வந்தாள்.

பழைய டப்பாக்களை எடுத்து வைத்துக்கொண்டு, பல் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போகத் தொடங்கினாள். சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் வீடு மாறிவிட்டார்கள். கேட்டு உறுதி செய்ய முடியாத பற்களை வரைபடத்திலிருந்து நீக்கினாள். அலமாரியில் பாதிக்குமேல் அப்படிப் போயிற்று. மிச்சம் இருந்தவை ஒழுங்காக வந்து அடங்கின. கட்டுரையை இன்னும் அனுப்பவில்லை. பற்கள் போதாது.

ஒரு சனிக்கிழமை ஜெயசித்ராவின் மருத்துவமனையில் ஒரு நடுவயதுப் பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிருபா பக்கத்தில் உட்கார்ந்து அனுமதி கேட்டாள்.

“எடுத்துக்கோங்க. எங்க ஊரு சேத்தூரு” என்றாள் அந்தப் பெண், கேட்பதற்கு முன்பே.

“ஊரு பொறவு சொல்லலாம்மா. நீங்க நடை பழகுனது யாரு வீட்டுல?”

அந்தப் பெண் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு யோசித்தாள். “அதை எங்கம்மாகிட்டதான் கேக்கணும்.”

“போன் போட்டுக் கேளுங்க” என்றாள் கிருபா. “நான் இங்கனதான் உக்காந்திருக்கேன்.”